அணுமின் நிலையத்தில் வயர்லெஸ் சென்சார்: 99.9% டெலிவரி என்றால் போதுமா?

கேப்_மாணவன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கேப்டவுனில் எம்.எங். படிக்கிறேன். அணுமின் நிலையத்தில் வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க் போட்டால் டேட்டாவை எப்படி நம்பகமாகக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதுதான் ஆய்வு. ஊருக்கு வடக்கே 30 கிலோமீட்டரில் கூபர்க் இருக்கிறது, ஆப்பிரிக்காவிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒரே அணுமின் நிலையம், அதனால் இந்தத் தலைப்பை ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் உள்ளே போய் அளந்து பார்க்க மாணவனுக்கு யார் அனுமதி தருவார்கள்? முழுக்க சிமுலேஷன்தான்.

கூஜா என்ற சிமுலேட்டரில் 80 நோடு (ரேடியோவோடு கூடிய சென்சார்), எல்லா டேட்டாவும் வந்து சேரும் ஒரு கேட்வே, தூரத்தில் இருக்கும் நோடுக்கு 6 ஹாப், அதாவது நோடுக்கு நோடு 6 தாவல். ஒவ்வொன்றும் 8 நொடிக்கு ஒரு ரீடிங் அனுப்பும். சிலது வெப்பநிலை, சிலது பம்ப் மோட்டார் அதிர்வு. ரீட்ரான்ஸ்மிஷன் (திரும்ப அனுப்புவது) எல்லாம் சேர்த்து 99.9% பாக்கெட் வந்து சேருகிறது. வழிகாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மனிதர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு "இதில் நிலையத்தை நடத்துகிறவனுக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது என்றே புரியவில்லை.

கேட்க வந்தது இதுதான். ஒவ்வொரு ஹாப்பிலும் ஒப்புகை (வந்துவிட்டது என்ற பதில்) வாங்கித் திரும்ப அனுப்புவது நல்லதா, இல்லை சென்சாரிலிருந்து கேட்வே வரை முழு வழிக்கும் ஒரே ஒப்புகையா? அப்புறம், அணு நிலையத்துக்காரர்கள் "நம்பகம்" என்று எதைச் சொல்கிறார்கள்? 99.9% நல்ல எண்ணா, கெட்ட எண்ணா? உலைக் கட்டடத்துக்கு உள்ளே வைக்கும் சென்சாரையும் இதே நெட்வொர்க்கில் சேர்க்கலாமா?

---

பழைய_கருவிக்காரர்:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த பக்கம்.

உலையை நிறுத்தும் சிக்னல் எதையும் வயர்லெஸ்ஸில் யாரும் விடமாட்டார்கள். அது தனித்தனி கேபிள், தனித்தனி மின்சாரம், மூன்றில் இரண்டு அல்லது நான்கில் இரண்டு ஒத்துக்கொண்டால் உலையை நிறுத்தும் கட்டுப்பாட்டுத் தண்டு இறங்கும் என்ற கணக்கு. அங்கே உன் நெட்வொர்க்குக்கு வேலையே இல்லை, ஆய்வுரையில் முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் தேர்வாளர் அந்த ஒரு கேள்வியிலேயே உட்கார்ந்துவிடுவார். வயர்லெஸ் வருவது கண்காணிப்புக்கு. பம்ப், விசிறி, மோட்டார் பேரிங், டிரான்ஸ்ஃபார்மர், குழாய்க் கசிவு, கட்டடக் கான்கிரீட்டின் நிலை, ஆட்கள் வாங்கும் கதிர்வீச்சு அளவு, இந்த மாதிரி. கேபிள் இழுக்கும் செலவு அணு நிலையத்தில் மற்ற ஆலைகளை மாதிரி இல்லை. ஒரு சுவரைத் துளைக்க வேண்டும் என்றால் தீத்தடுப்பு, நிலநடுக்கக் கணக்கு, கதிர்வீச்சுத் தடுப்பு என்று காகிதம் மலையாகும். வயர்லெஸ்மேல் ஆசை வருவதே அதனால்தான். கூபர்க் கட்டும்போது மனதில் இருந்தது 40 வருட ஆயுள். முதல் யூனிட்டுக்கு 2024ல் இன்னும் 20 வருடம் உரிமம் நீட்டித்தார்கள். அந்த வயதில் ஒரு நிலையத்துக்குப் புதிதாக சென்சார் வைக்க வேண்டிய இடங்கள் கூடிக்கொண்டேதான் போகும். கடலோர உப்புக்காற்று கான்கிரீட்டை என்ன செய்திருக்கிறது என்று பார்ப்பதே அங்கே ஒரு பெரிய வேலை.

உலைக் கட்டடம் என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர் கான்கிரீட், அதன் உட்புறம் முழுக்க எஃகுத் தகடு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டி வெளியே வரும் என்று எதிர்பார்க்காதே. உள்ளே ஒரு கேட்வே வைத்து, ஏற்கெனவே இருக்கும் கேபிள் வழியில் காலியாகக் கிடக்கும் ஒரு ஜோடியில்தான் வெளியே கொண்டுவர வேண்டும். அதனால் அது தனி நெட்வொர்க், வெளியே இருப்பதோடு சேராது. கதிர்வீச்சு வேறு. கடையில் வாங்கும் சிப்புக்கு காமா டோஸ் சேரச் சேர டிரான்சிஸ்டர்களின் அளவுகள் நகரும், கசிவு மின்னோட்டம் கூடும், ஃபிளாஷ் மெமரி பெரும்பாலும் முதலில் படுக்கும். ஆறு மாதம் ஒழுங்காகப் பேசிய நோடு திடீரென்று பாக்கெட் விட ஆரம்பித்தால் அது ரேடியோ வழியின் கோளாறா, சிப் வயதாவதா என்று உன் புரோட்டோகாலுக்குத் தெரியாது. சிமுலேஷனில் அதை யாரும் வைப்பதில்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. உன் சிக்னல் போய்ச் சேருவது மட்டும் பிரச்சினை இல்லை, அது வேறு எங்காவது போய்ச் சேருவதும் பிரச்சினை. 1983லேயே அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிலையங்களுக்கும் ஒரு எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியது, கையடக்க வாக்கி டாக்கியை எலக்ட்ரானிக் கருவிகள் பக்கத்தில் அழுத்தினால் கருவி தப்பாக இயங்குகிறது என்று. சென்சார் நோடின் சக்தி வாக்கி டாக்கியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லைதான், ஆனால் பழைய கருவி அலமாரிக்கு எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கணக்குக் காட்டாமல் ஒருவரும் கையெழுத்துப் போடமாட்டார். அணு நிலையத்தில் வயர்லெஸ் சாதனம் தேர்ந்தெடுப்பதற்கென்றே ஐஇசி 62988 என்று 2018ல் ஒரு தரநிலை வந்திருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகமையும் 2020ல் இதைப் பற்றி ஒரு வழிகாட்டி போட்டது. இரண்டையும் படித்துவிடு.

---

மிட்ராண்ட்_பொறியாளர்:

ஐயா சொன்னது நிலையத்தின் பக்கம். நான் ரேடியோ பக்கம் வருகிறேன்.

தம்பி, உன் 99.9%ஐ ஒரு நாளைக்கு விரித்துப் பார். 8 நொடிக்கு ஒன்று என்றால் ஒரு சென்சாருக்கு நாளைக்கு 10,800 ரீடிங். 80 சென்சாருக்கு 8,64,000. அதில் 0.1% என்றால் 864 தொலைகிறது. இந்த 864ம் 80 சென்சாரிலும் அங்கொன்று இங்கொன்றாகத் தொலைந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, அடுத்த 8 நொடியில் புது ரீடிங் வந்துவிடும். ஆனால் 864ம் ஒரே சென்சாரில் வரிசையாகத் தொலைந்தால்? 864 பெருக்கல் 8, அதாவது 6,912 நொடி. ஏறக்குறைய 1 மணி 55 நிமிடம் அந்தப் பம்பைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. இரண்டுக்கும் உன் வரைபடத்தில் அதே 99.9%தான். உன் வழிகாட்டி கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். சராசரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சென்சாருக்கும் அதிகபட்சம் எவ்வளவு நேரம் மௌனம் என்று வரைந்து காட்டு.

இனி ஹாப் கணக்கு. ஒரு ஹாப்பில் 90% தான் போகிறது, ஒப்புகையும் இல்லை, திரும்ப அனுப்புவதும் இல்லை என்று வைத்துக்கொள். 6 ஹாப் தாண்டினால் 0.9ன் ஆறாம் அடுக்கு, 53%. முழு வழிக்கும் ஒரே ஒப்புகை என்றால் அந்த ஒப்புகையும் அதே 6 ஹாப் திரும்ப வர வேண்டும், அதனால் ஒரு சுற்று வெற்றியாக முடிய 28% வாய்ப்பு. ஒரு ரீடிங்குக்குச் சராசரியாக மூன்றரைத் தடவை முதலிலிருந்து அனுப்ப வேண்டும், பேட்டரி போயே போச்சு. ஹாப்புக்கு ஹாப் மூன்று முயற்சி கொடுத்தால் ஒரு ஹாப் 99.9%, ஆறும் சேர்ந்து 99.4%. பாடப்புத்தகம் இந்த இடத்தில் ஹாப்புக்கு ஹாப்தான் சிறந்தது என்று எழுதிவிட்டு முடித்துவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒன்றை நம்பி நிற்கிறது: ஒவ்வொரு இழப்பும் அதற்கு முந்தையதோடு சம்பந்தமில்லாதது என்று. கூஜாவில் சாதாரணமாக எடுக்கும் யூடிஜிஎம் ரேடியோ மாடல் அப்படித்தான் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனியாகப் பகடை உருட்டும். நிஜத்தில் இழப்பு கூட்டமாக வரும். கிரேன் நகரும், ஒரு இரும்புக் கதவு மூடும், பக்கத்தில் யாரோ டேப்லெட்டில் வைஃபையில் பெரிய ஃபைல் இறக்குவார். அந்த லிங்க் ஒன்றிரண்டு நொடிக்கு முழுசாகச் செத்துவிடும், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்ப வரும். நூறில் பத்துப் பங்கு நேரம் இப்படிச் செத்துக் கிடக்கும் லிங்க்கும் சராசரியில் 90% லிங்க்தான். ஆனால் அதில் 10 மில்லிசெகண்ட் இடைவெளியில் மூன்று முயற்சி கொடுத்தால் மூன்றும் அதே பள்ளத்தில் விழும். மூன்று முயற்சிக்குப் பிறகும் அதே 90%, ஆறு ஹாப்புக்கு மறுபடி அதே 53%. நீ செலவழித்த ரீட்ரான்ஸ்மிஷன் எல்லாம் வீண்.

அதனால் திரும்ப அனுப்புவது எத்தனை தடவை என்பதைவிட, ஒவ்வொரு தடவையும் எதை மாற்றி அனுப்புகிறாய் என்பதுதான் விஷயம். சேனலை மாற்று, வழியை மாற்று, இல்லை கொஞ்சம் பொறுத்து அனுப்பு. ஆலை சென்சார்களுக்கான வயர்லெஸ் தரநிலையான வயர்லெஸ்ஹார்ட் இந்த மூன்றில் முதல் இரண்டைச் செய்கிறது. நேரத்தை 10 மில்லிசெகண்ட் ஸ்லாட்டாக வெட்டும், 15 சேனல், ஒவ்வொரு முயற்சியும் வேறு சேனலில். ஒரு ரீடிங்குக்குப் பொதுவாக மூன்று ஸ்லாட்: இரண்டு முதல் வழியில், மூன்றாவது வேறு பக்கத்து நோடு வழியாக. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். சுற்றிலும் இரும்பு இருக்கும் இடத்தில் சிக்னல் பத்து வழியாகப் பட்டுத் தெறித்து வந்து ஒன்றையொன்று அழிக்கும், ஆன்டெனாவை ஒரு சாண்கூட வேண்டாம், நாலு விரல் நகர்த்தினால் அதே லிங்க் உயிர் பெறும். பொருத்திய ஆன்டெனாவை நகர்த்த முடியாது, சேனலை மாற்றலாம், அதற்கும் ஏறக்குறைய அதே பலன்.

கூஜாவில் யூடிஜிஎம்மை விட்டுவிட்டு கில்பர்ட்-எலியட் மாதிரி இரண்டு நிலை (நல்ல நிலை, கெட்ட நிலை) மாடல் ஒன்றை ஒவ்வொரு லிங்க்குக்கும் ஒவ்வொரு சேனலுக்கும் வை. எழுத ஒரு மாலை ஆகும். எண்கள் கீழே வரும், வரட்டும்.

---

டர்பன்_பேரன்:

நான் அணு ஆள் இல்லை. கரும்பு ஆலையில் வயர்லெஸ்ஹார்ட் போட்டுப் பராமரிக்கிறோம், நேட்டால் கரையோரம். அக்கா சொன்ன கிரேன் விஷயம் நூற்றுக்கு நூறு. ஆலை ஓடும்போது ஒரு மாதிரி, வருடாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும்போது வேறு மாதிரி. நிறுத்தும்போது சாரம் கட்டுவார்கள், இரும்புக் குழாய்ச் சாரம், எங்கள் நோடுக்கு முன்னாலேயே சுவர் எழுப்பின மாதிரி நிற்கும். ஓடும்போது அளந்து வைத்த லிங்க் எல்லாம் அன்றைக்குப் போச்சு. அணு நிலையத்தில் எரிபொருள் மாற்றும் நிறுத்தத்தின்போது சாரம் இன்னும் அதிகமாகத்தான் இருக்கும், ஆட்களும் அதிகம், ஆளுக்கொரு ரேடியோ. அந்த நாட்களையும் உன் சிமுலேஷனில் சேர்த்துக்கொள்.

இன்னொன்று, இது நம் ஊர்ச் சமாச்சாரம். லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது சென்சார் எல்லாம் பேட்டரியில் ஜோராக ஓடும், கேட்வே மட்டும் செத்துப்போகும். ஏனென்றால் கேட்வேக்கு மின்சாரம் எடுத்திருந்த பலகை யூபிஎஸ்ஸில் இல்லை, பக்கத்து லைட் சர்க்யூட்டில் இருந்தது, பொருத்த வந்த கான்ட்ராக்டருக்கு அதுதான் கிட்டே. மின்சாரம் திரும்பி வந்ததும் எல்லா நோடும் ஒரே நேரத்தில் மறுபடி சேர முட்டிமோதும், நெட்வொர்க் முழுசாக எழுந்து நிற்க ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் எந்த ரீட்ரான்ஸ்மிஷனும் உதவாது. ஆகவே கேட்வே இரண்டு, இரண்டுக்கும் வேறு வேறு மின்வழி, ஒன்றுக்காவது சொந்த பேட்டரி.

---

கேப்_மாணவன்:

அக்கா, ஐயா, அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. 864 கணக்கைப் பார்த்துவிட்டு என் லாக்கைத் திறந்தேன். ஒரே மூலையில் இருக்கும் நாலைந்து நோடுதான் பெரும்பாலான இழப்புக்குக் காரணம், எல்லாம் பாக்கெட்டை அடுத்துக் கடத்த ஒரே ஒரு பேரண்ட் நோடைத்தான் நம்பியிருக்கின்றன. சராசரியில் அது தெரியவே இல்லை.

இப்போது புதுச் சந்தேகம். ஹாப்புக்கு ஹாப் ஒப்புகையும் சேனல் மாற்றமும் மாற்று வழியும் போட்டுவிட்டால் முழு வழி ஒப்புகை தேவையே இல்லை என்று எழுதிவிடலாமா?

---

பிரிட்டோரியா_ராக்கோழி:

எழுதாதே. ஹாப்புக்கு ஹாப் ஒப்புகை என்ன சொல்கிறது? "உன் பாக்கெட் என் ரேடியோவுக்கு வந்துவிட்டது" என்று மட்டும். அதை வாங்கிய நோடு ஒப்புகை கொடுத்த அடுத்த நொடி வாட்ச்டாக் (சிப் உறைந்தால் அதை ரீபூட் செய்யும் டைமர்) அடித்து ரீபூட் ஆனால் பாக்கெட் காற்றில் கரைந்தது. அனுப்பியவன் தன் பிரதியை அழித்துவிட்டான், வாங்கியவனுக்கு நினைவே இல்லை. க்யூ நிரம்பி வழிந்தாலும் இதே கதி, சில நெட்வொர்க் மென்பொருளில் ஹாப்புக்கு ஹாப் ஒப்புகை ஹார்டுவேரிலேயே போய்விடும், மேலே க்யூவில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமலே. கதிர்வீச்சு இருக்கும் இடத்தில் ரீபூட் அபூர்வம் என்று யாரும் சொல்ல முடியாது. இருமுனை உறுதி இருமுனையில்தான் கிடைக்கும், நடுவில் இருப்பதெல்லாம் வேகத்துக்கும் சிக்கனத்துக்கும்.

---

மிட்ராண்ட்_பொறியாளர்:

ராக்கோழி சொல்வது சரி, ஆனால் அதற்காக ஒவ்வொரு வெப்பநிலை ரீடிங்குக்கும் 6 ஹாப் திரும்ப ஒப்புகை அனுப்பச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 8 நொடியில் புதுசு வரப்போகிற ரீடிங்குக்குப் பழையதைத் துரத்திப் பிடிப்பதில் என்ன லாபம்? தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும், தொலைந்தது என்று தெரிந்தால் போதும். ஒவ்வொரு ரீடிங்கிலும் வரிசை எண்ணும் அளந்த நேரமும் வை. இரண்டு முறை தொடர்ந்து வரவில்லை என்றால் கேட்வே அந்த அளவைத் திரையில் "பழையது" என்று நிறம் மாற்றிக் காட்டட்டும். கடைசியாக வந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டு புத்தம் புதுசு மாதிரி காட்டும் கேட்வேதான் இந்தத் தொழிலில் பயங்கரமானது.

அதிர்வு அலைவடிவம் வேறு கதை. 4,096 சாம்பிள், சாம்பிளுக்கு 2 பைட், மொத்தம் 8 கிலோபைட். இந்த ரேடியோக்களின் தரநிலையான ஐஇஇஇ 802.15.4ல் ஒரு ஃபிரேமின் உச்ச அளவு 127 பைட், தலைப்பு, பாதுகாப்புக் குறியீடு எல்லாம் போக 80 பைட் மிஞ்சும் என்று வை. ஒரு அலைவடிவத்துக்கு 103 துண்டு. ஒவ்வொரு துண்டும் 99.9% வந்து சேர்ந்தால், 103ம் சேர்ந்து வர வாய்ப்பு 90% தான். அதாவது நீ பெருமையாகச் சொல்லும் அதே 99.9%ல் பத்தில் ஒரு அலைவடிவம் ஓட்டையோடு வரும், ஓட்டையை நிரப்பாமல் எஃப்எஃப்டி போட்டு அதிர்வெண்களைப் பிரித்தால் இல்லாத அதிர்வெண்ணெல்லாம் தலை காட்டும், பேரிங் நன்றாக இருந்தும் மெக்கானிக் ஏணி தூக்கிக்கொண்டு போவார். இங்கேதான் முழு வழி உறுதி வேண்டும். ஆனால் துண்டுக்கு ஒரு ஒப்புகை வேண்டாம். எல்லாம் அனுப்பி முடித்த பிறகு கேட்வே ஒரே ஒரு பிட்மேப் திருப்பி அனுப்பும், எது எது வரவில்லை என்று. 103 பிட், 13 பைட்டில் அடங்கிவிடும். சென்சார் அந்த 13 பைட்டைப் பார்த்துத் தொலைந்ததை மட்டும் திரும்ப அனுப்பும். கேட்வே சரி என்று சொல்லும்வரை அலைவடிவம் சென்சாரின் மெமரியிலேயே கிடக்கட்டும்.

ஆக ஒரே நெட்வொர்க்கில் இரண்டு கொள்கை. எந்த டேட்டாவுக்கு வயது முக்கியம், எந்த டேட்டாவுக்கு முழுமை முக்கியம் என்று முதலில் பிரி. புரோட்டோகால் தேர்வு அதற்கு அப்புறம்.

---

பிரிட்டோரியா_ராக்கோழி:

இது நியாயம். ஆனால் மூன்றாவதாக ஒன்று விட்டுப்போகிறது அக்கா, நிகழ்வு. கசிவு கண்டுபிடிக்கும் சென்சார் வருடத்துக்கு ஒரு தடவைதான் பேசும், அந்த ஒரு பாக்கெட்டுக்கு அடுத்த 8 நொடியில் வாரிசு கிடையாது. அதற்குக் கட்டாயம் முழு வழி ஒப்புகை, ஒப்புகை வரும்வரை விடாமல் அனுப்ப வேண்டும். சும்மா இருக்கும் நேரத்தில் "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு துடிப்பு வேறு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கசிவு இல்லாததால் மௌனமா, பேட்டரி இல்லாததால் மௌனமா என்று யாருக்குத் தெரியும்?

---

கேப்_மாணவன்:

நிகழ்வு என்றதும் தோன்றியது. ஏதாவது பெரிதாக நடந்தால் ஒரு சென்சார் மட்டும் பேசாது, 80ம் சேர்ந்து பேசும். சாதாரண நாளில் 80 சென்சார், 8 நொடிக்கு ஒன்று, ரீடிங்குக்கு 3 ஸ்லாட் என்றால் கேட்வே பக்கம் நொடிக்கு 30 ஸ்லாட். கேட்வேயில் ஒரே ரேடியோ, நொடிக்கு 100 ஸ்லாட்தான் இருக்கிறது, அதனால் தாராளம். ஆனால் அவசரத்தில் எல்லோரும் நொடிக்கு ஒரு ரீடிங் அனுப்ப வேண்டும் என்று வைத்தால் 240 ஸ்லாட் வேண்டும். 15 சேனல் இருந்தும் பயனில்லை, கேட்வேக்கு ஒரு காதுதான். இதை எப்படிச் சமாளிப்பது?

---

பழைய_கருவிக்காரர்:

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். மற்ற நாளெல்லாம் நெட்வொர்க் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன, ஒரு மனிதன் கிளிப்போர்டு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிடுவான்.

1979 மார்ச்சில் திரீ மைல் ஐலண்டில் நடந்ததை எல்லோரும் திறந்தே கிடந்த வால்வுக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். கண்ட்ரோல் ரூம் விளக்கு காட்டியது வால்வு மூடியதை இல்லை, மூடச் சொல்லிக் கட்டளை போனதை. ஒரு பாக்கெட் தொலையாமலே டேட்டா பொய் சொல்லும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் உன் கேள்விக்கு அங்கே நடந்த இன்னொரு விஷயம்தான் பொருத்தம். அலாரங்களைக் காகிதத்தில் அடிக்கும் பிரிண்டர் வந்து குவிந்த அலாரங்களைத் தாங்க முடியாமல் ஒரு கட்டத்தில் மணிக்கணக்கில் பின்தங்கிப் போனது. நடுவில் ஒரு தடவை சிக்கி நின்று சில தகவல் தொலைந்தும் போனது, ஆனால் மற்றதெல்லாம் வரிசையில் பத்திரமாகக் காத்திருந்தது. அப்படி மணிக்கணக்கில் தாமதமாக வந்ததும் உன் கணக்கில் டெலிவரிதான்.

ஆகவே அவசரத்தில் எல்லாவற்றையும் வேகமாக அனுப்புவது என்ற நினைப்பையே விடு. யாருக்கு நொடிக்கு ஒரு ரீடிங் வேண்டும்? 80ல் பத்துக்கோ பன்னிரண்டுக்கோ வேண்டும். அது எது எது என்று நிலையத்துக்காரன் முன்கூட்டியே சொல்லிவிடுவான், விபத்துக்குப் பிறகு பார்க்க வேண்டிய அளவுகள் என்று பட்டியலே இருக்கும். அந்தப் பன்னிரண்டுக்கு நொடிக்கு 36 ஸ்லாட். மீதி 68ம் பழைய 8 நொடியிலேயே இருந்தால் இருபத்தைந்து, இருபத்தாறு. மொத்தம் 62க்குள் வந்துவிடுகிறதே.

---

மிட்ராண்ட்_பொறியாளர்:

ஐயா கணக்கு சரி, ஒரே ஒரு நிபந்தனையோடு. அந்த 36 ஸ்லாட்டை முதல் நாளிலிருந்தே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும், காலியாக ஓடினாலும் பரவாயில்லை. நெட்வொர்க் மேனேஜரிடம் அவசர நேரத்தில் போய் ஸ்லாட் கேட்டு, அவர் அட்டவணை போட்டு, அது 6 ஹாப் இறங்கி வந்து சேர்வதற்குள் காரியம் கெட்டுவிடும், கேட்கப் போகும் பாக்கெட்டும் அதே நெரிசலில்தான் மாட்டும். காலி ஸ்லாட்டிலும் வாங்கும் நோடு சில மில்லிசெகண்ட் காது கொடுக்க வேண்டும், பேட்டரிக்குச் செலவுதான், அதனால் அந்தப் பன்னிரண்டின் வழியில் இருக்கும் ரிலே நோடுகளுக்குப் பெரிய பேட்டரி இல்லை என்றால் நேரடி மின்சாரம்.

ஒரு வேடிக்கை. வயர்லெஸ்ஹார்ட்டில் பாக்கெட்டுக்கு நாலு முன்னுரிமை. கட்டளைக்கு முதலிடம், அடுத்து அளவீட்டு டேட்டா, அப்புறம் சாதாரணம், கடைசியில் அலாரம். ஆமாம், அலாரம்தான் கடைசி. நடுவில் இருக்கும் நோடு அலாரப் பாக்கெட் ஒன்றுக்கு மேல் சேர்த்துக்கொள்ளாது. முதலில் படித்தால் அச்சுப்பிழை என்று தோன்றும், ஆனால் பிரிண்டர் கதையைக் கேட்ட பிறகு புரியும். அலாரம் அளந்த இடத்திலேயே நேர முத்திரையோடு வருகிறது, ஐந்து நொடி தாமதமாக வந்தாலும் எப்போது நடந்தது என்று தெரியும். அதன் வெள்ளத்தில் நெட்வொர்க்கைச் சீர்செய்யும் கட்டளையும் நடப்பு அளவும் மூழ்கிவிடக் கூடாது. ராக்கோழி சொன்ன கசிவு சென்சாரை அலாரமாக அனுப்பாதே, அளவீட்டு டேட்டாவாக அனுப்பு, பன்னிரண்டில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்.

---

டர்பன்_பேரன்:

மின்சாரம் என்றதும் மறுபடி மூக்கை நுழைக்கிறேன். ஃபுகுஷிமாவில் 2011ல் சுனாமிக்குப் பிறகு பேட்டரி மின்சாரமும் போய் உலைக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாமல், கார் பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து கருவிகளில் இணைத்துத்தான் ரீடிங் பார்த்தார்கள். கேபிள் இருந்தது, சென்சார் இருந்தது, கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் சென்சாருக்கு அங்கே ஒரு வேலை இருந்திருக்கும். கேட்வேயும் பேட்டரியில் இருந்தால்தான், அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

---

பழைய_கருவிக்காரர்:

வேலை இருந்திருக்கும், ஆனால் விபத்து நேரத்துக் கதிர்வீச்சையும் நீராவியையும் தாங்கும் நோடு கடையில் கிடைப்பதில்லை. கூடவே ஒன்று தம்பி, ஜாமிங். வேண்டுமென்றே ஒருவன் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போட்டால் 15 சேனலும் ஒன்றாகப் போகும், அதை எந்த ரீட்ரான்ஸ்மிஷனாலும் வெல்ல முடியாது. போட்டால் கண்டுபிடிக்க முடியுமா என்பதைத்தான் ஒழுங்குமுறைக்காரர்கள் கேட்பார்கள். கேட்வேயிலிருந்து நிலையத்தின் உள் நெட்வொர்க்குக்கு ஒருவழி டையோடு (டேட்டாவை ஒரு பக்கம் மட்டுமே விடும் கருவி) இருக்கிறதா என்றும் கேட்பார்கள். இரண்டுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கு.

---

கேப்_மாணவன்:

ஐயா, சேர்த்துக்கொள்கிறேன். இரண்டு நிலை மாடலைப் போட்டு ராத்திரி ஓடவிட்டேன். 99.9% இப்போது 96 சொச்சத்துக்கு வந்துவிட்டது, ஆனால் இரண்டாவது பேரண்ட் கட்டாயம் என்று வைத்ததும் அந்த மூலை நோடுகளின் நீண்ட மௌனம் நிமிடக் கணக்கிலிருந்து நொடிக் கணக்குக்கு இறங்கியது. வெள்ளிக்கிழமை வழிகாட்டியிடம் மௌன வரைபடத்தை மட்டும் கொண்டுபோகிறேன். அக்கா, ஒரே ஒரு சின்னச் சந்தேகம். இரண்டாவது பேரண்ட்டும் அதே கிரேனுக்குப் பின்னால் இருந்தால்?

---

மிட்ராண்ட்_பொறியாளர்:

அப்போது அது இரண்டாவது வழியே இல்லை. இரண்டு பேரண்ட்டும் ஒரே நேரத்தில் எத்தனை தடவை சேர்ந்து விழுகின்றன என்று லாக்கில் எண்ணு, தனித்தனியாக நல்ல லிங்க் எது என்று பார்க்காதே. சேர்ந்து விழாத ஜோடிதான் வேண்டும், அதில் ஒன்று 80% லிங்க்காக இருந்தாலும் எடுத்துக்கொள். உன் ரூட்டிங் இப்போது சிறந்த இரண்டைத்தான் தேர்ந்தெடுக்கும், சிறந்த இரண்டும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே தூணில்தான் இருக்கும். கூஜாவில் கிரேனை ஒரு கோடாக வைத்து அது கடக்கும்போது மறையும் லிங்க்கெல்லாம் சேர்ந்து கெட்ட நிலைக்குப் போகும்படி எழுது. லிங்க்குக்குத் தனித்தனிப் பகடை வைத்தால் இது உனக்குத் தெரியவே வராது.